வலது கீழறை: நோர்மல்

பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக ஒரு தாளில் விட்டு, அந்தத் தாளோடு ஒரு பெண்ணை அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால், என் பெருமைகள் நாலைந்தைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமலே முடித்துவிடுவேன். என் சுபாவம் எனக்குத் தெரியும்.

நீங்கள் ஒழுங்காகப் படித்து, சோதனை எழுதி, இதயத்தைப் படம் பிடிக்கிற எக்கோ அறைக்குள் வந்தவர்கள். நான் பின்கதவால் வந்தவன். பத்தாம் வகுப்புப் பாதியில் இடம்பெயர்ந்தோம். அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை, நானும் தேடவில்லை. சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை ஏற்றினேன். வவுனியாவில் சீமெந்துக் கல் அரிந்தேன். கட்டாரில் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தேன். அங்கே எக்கோ மெசினை வார்டு வார்டாகத் தள்ளிக்கொண்டு போகிற வேலையும் என் தலையில் விழுந்தது. தள்ளிக்கொண்டு போன இடங்களில் நின்று பார்த்தேன். பார்த்துப் பார்த்து, ஒரு நாள் நெஞ்சில் வைத்துப் படம் பிடிக்கிற புறோப்பைக் கையில் வாங்கினேன். என் படிப்பு அவ்வளவுதான்.

அங்கே படம் பிடித்தவள் ஒரு பிலிப்பைன்ஸ் பெண், என்னைவிடப் பத்து வயது குறைந்தவள். ஒரு நாள் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்து, அதன் ஒரு பக்கத்தில் குபூஸ் ரொட்டியை மடித்து ஒட்டிக் காட்டினாள். கோப்பை இடது கீழறை. சுவர் தடிப்பு, உருவம் உருண்டை, எப்படிப் பார்த்தாலும் கோப்பைதான். ரொட்டி வலது கீழறை. மெல்லிய சுவரோடு கோப்பையில் சாய்ந்து கிடப்பது. ஒரு பக்கம் வெட்டினால் பிறை, இன்னொரு பக்கம் வெட்டினால் முக்கோணம், கொஞ்சம் சரித்து வெட்டினால் ஆளையே காணோம். காட்டி முடிந்ததும் அந்த ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வார்டுக்குப் போனாள். வலது பக்கத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே வகுப்பு அதுதான். போதுமான வகுப்புத்தான். நான்தான் மறந்தேன்.

எந்த இடத்திலும் இரண்டு வருடத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது. கட்டார் முடிந்து கொழும்பு, கொழும்பு முடிந்து கண்டி, பிறகு யாழ்ப்பாணம். நான் சொல்லப்போவது யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் நடந்தது. பெயர் வேண்டாம். இதய டொக்டர் கொழும்பிலிருந்து சனிக்கிழமைகளில் மட்டும் வருவார். மற்ற நாட்களில் நான் படம் பிடித்து, அளந்து, அறிக்கையை அடித்துக் கொடுப்பேன். டொக்டரின் கையெழுத்து முத்திரையாக மேசை லாச்சிக்குள் கிடக்கும்.

கணினியில் அறிக்கைப் படிவம் ஆயத்தமாக இருக்கும். எல்லா வரியிலும் ‘நோர்மல்’ என்று முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்கள். குறை கண்டால் மட்டும் அந்த வரியை அழித்து மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது பேர் வருகிற இடத்தில் அது பெரிய வசதி. அந்த வசதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் ஒன்றுமே செய்யாமல் இருந்தால், வருகிற எல்லோருக்கும் நல்ல இதயம்.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் இருந்தது. இது எந்தப் புத்தகத்திலும் இராது. இதயத்தின் நுனிக்கு நேரே, இடது மார்பகத்துக்குக் கீழே புறோப்பை வைத்தால்தான் நாலு அறையும் ஒழுங்காகத் தெரியும். பெண்களுக்கு அந்த இடத்துக்குப் போக மார்பகத்தை மேலே தூக்க வேண்டும். நானோ ஆண். ஊரோ யாழ்ப்பாணம். வந்து படுக்கிறவர் கோயில் வீதியில் தினமும் காண்கிற ஒருவரின் மனைவியாகவோ மகளின் ரீச்சராகவோ இருப்பார். ஆகவே ஆண்கள் நாங்கள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தோம். ஒரு விலா இடைவெளி மேலே, மார்பகத்தின் மேல் விளிம்பில் வைத்தே பிடித்துவிடுவது. படம் வரும். இடது கீழறை கொஞ்சம் குறுகி, திரையை நிரப்பும். வலது பக்கம் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். அப்படிச் செய் என்று யாரும் சொல்லித்தரவில்லை. செய்ததற்கு யாரும் முறைப்பாடு வைத்ததும் இல்லை. மரியாதை என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தோம்.

அன்று காலை ஒன்பது மணிக்கு வந்தவள் பெயர் ஸ்ரெலா. குருநகர். நாற்பது வயதிருக்கும். இறால் கொம்பனியில் இறால் உரிக்கிற வேலை. கர்ப்பப்பையில் கட்டி வந்து, மாதக்கணக்காக இரத்தம் போய், ஆள் வெளிறியிருந்தாள். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, நகரத்தின் மறுபக்கத்தில் இருந்த வேறொரு மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுக்கிற அறுவை. மயக்க மருந்தை இதயம் தாங்குமா என்று பார்க்க எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். கூட வந்தவள் மச்சாள், புருசனின் தங்கை. வாய் ஓயாத மனுசி.

“இதயம் பாக்கிற இடத்தை மாடியிலையே வைச்சிருக்கிறியள்?” என்றாள் மச்சாள் உள்ளே வரும்போதே. “ஏறி வாறதிலையே பாதிச் சனத்துக்கு நிண்டிடும்.”

ஸ்ரெலா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“உடம்பிலை இரத்தம் இல்லை, அதுதான்,” என்று மச்சாளே அவளுக்காகவும் பேசினாள். “ரெண்டு பை ஏத்தினது. அதுக்குள்ளை விழுந்து காலை முறிச்சுப்போட்டு ஆறு கிழமை கட்டோடை கிடந்தவ. போன கிழமைதான் அவிட்டது. இருந்து சாப்பிட்டுப் பழகிட்டா. இப்ப நடக்கப் பஞ்சி.”

“உன்ரை அண்ணனைக் கட்டின நாளிலையிருந்து... நான் எப்பயடி இருந்து சாப்பிட்டனான்?” என்றாள் ஸ்ரெலா. அதைச் சொல்ல அவளுக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

சிரித்தோம். நானும் சிரித்தேன். பெண்களுக்குப் படம் பிடிக்கும்போது என்னோடு கூட நிற்கிறவர் நேர்ஸ் சுகந்தி. இணுவிலிலிருந்து வருகிறவர், மூன்று பிள்ளைகளின் தாய். அவர் மட்டும் சிரிக்காமல் போர்வையை விரித்துப் பிடித்தார்.

கால் கட்டு, மூச்சு, வேகமான துடிப்பு. நீங்கள் இதற்குள் விடையைக் கண்டுபிடித்திருப்பீர்கள். இருந்து வாசிக்கிறபோது எல்லோருக்கும் தெரியும். வெளியே பதினெட்டுப் பேர் இருமிக்கொண்டும் மணி பார்த்துக்கொண்டும் இருக்கிறபோது, ‘இரத்தம் குறைவு’ என்று ஒரு காரணம் ஏற்கெனவே கையில் கிடக்கிறபோது, இன்னொன்றைத் தேட மனம் எழும்பாது. அதுவும் என் மனம், ஒன்றில் நிற்காமல் அடுத்ததற்கு ஓடுகிற மனம்.

போர்வைக்குக் கீழே கையை விட்டு வழக்கம்போல மேலேயிருந்து பிடித்தேன். இடது கீழறை சின்னதாக, வேகமாக, நன்றாக அடித்தது. வெளியே தள்ளுகிற அளவு மிக நல்ல அளவு. வலது பக்கம் விளிம்பில் பாதிதான் தெரிந்தது. விலாவுக்குக் கீழே, மேல்வயிற்றில் வைத்துப் பார்த்தால் அங்கிருந்தும் வலது பக்கம் தெரியும். வயிறு நோகுது என்றாள். விட்டுவிட்டேன். எல்லாம் ஏழு நிமிடம். இடது பக்கத்து எண்களை நிரப்பினேன். ‘வலது கீழறை: நோர்மல்’ என்ற வரி தன் பாட்டில் கிடந்தது. முத்திரையைக் குத்திக் கொடுத்தேன்.

“சந்தோசம் அண்ணை,” என்றுவிட்டுப் போனாள்.

பதினொன்றரைக்குத் தேநீர் குடிக்கும்போது சுகந்தி சொன்னார்: “அண்ணை, காலமை வந்த அந்தக் குருநகர்ப் பிள்ளை படியிலை ரெண்டு தரம் குந்தினவ.”

“இரத்தம் குறைவுதானே.”

“ஏறேக்கை குந்தினாச் சரி. இறங்கேக்கையும் ஆரும் குந்துவினமே? எழுப்பிவிடுவம் எண்டு கையைப் பிடிச்சனான். ஐஸ் மாதிரிக் கிடக்குது.”

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன். திரும்ப இருந்தேன். திரும்ப எழும்பினேன். பிறகு அறைக்குள் போய், காலையில் சேமித்த படங்களைத் திறந்தேன்.

இடது கீழறையைக் குறுக்காக வெட்டிப் பார்த்த படம் ஒன்று இருந்தது. கோப்பை உருண்டையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அதைக் காலையிலும் கண்டிருந்தேன். என் கைதான் சரிந்துவிட்டது என்று எண்ணி அடுத்த படத்துக்குப் போயிருந்தேன். கை சரியவில்லை என்றால்? வலது பக்கம் வீங்கி இடதை நெரிக்கிறது என்று அர்த்தம். இடது சின்னதாகவும் வேகமாகவும் அடித்ததை நல்லது என்று எழுதியிருந்தேன். வலது தள்ளினால்தான் இடதுக்கு இரத்தம் வரும். வராத இரத்தத்துக்காக அது ஓடி ஓடி அடித்திருக்கலாம்.

கட்டுப் போட்ட காலில் இரத்தம் உறைந்து, அந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்க் குழாயை அடைத்திருந்தால் எல்லாமே பொருந்தியது. அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குக் குழாயும் போட்டால், ஏற்கெனவே தள்ள முடியாமல் நிற்கிற வலது கீழறை நின்றுவிடலாம். மேசையிலேயே.

அல்லது அப்படி ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. உண்மை அதுதான். ஆனால் நகரத்தின் மறுபக்கத்தில் ஒரு கோப்புக்குள் என் தாள் கிடந்தது. எனக்குத் தெரியும் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த மருத்துவமனைக்குத் தொலைபேசி எடுத்தேன். வரவேற்பில் இருந்த பெண், டொக்டர் ஒப்பரேசன் தியேட்டரில் என்றாள். இன்னொரு முறை எடுத்தேன். செய்தியைச் சொல்லுங்கள், எழுதி வைக்கிறேன் என்றாள். இதை எப்படி ஒரு வரியில் எழுதுவது? வைத்துவிட்டு எங்கள் கிளினிக் மனேச்சரிடம் போனேன்.

“உமக்கென்ன விசரே?” என்றார். “டொக்டரின்ரை முத்திரை குத்தின றிப்போட். அதைப் பிழை எண்டு நீர் போய்ச் சொல்லப்போறீரோ? ஆற்றை பேர் கெடும்?”

“பிழை எண்டு சொல்லேல்லை சேர். நான் பாக்கேல்லை எண்டு சொல்லப்போறன்.”

“அது இதைவிட மோசம். சனிக்கிழமை டொக்டர் வருவார்தானே, அவரைக் கேப்பம்.”

“ஒப்பரேசன் இண்டைக்கு ரெண்டு மணிக்கு.”

“அங்கை மயக்க டொக்டர் ஒராள் இருக்கிறா. அவவுக்குத் தெரியாதது உமக்குத் தெரியுமோ? நீர் என்ன படிச்சனீர்?”

இந்தக் கேள்வியை எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். வழக்கமாக நான் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வேன். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கையில் ஒரு சான்றிதழ் இல்லை. மகள் ஏ.எல். வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கிளினிக் போனால் இன்னொன்று கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. அதையும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்குக் கொண்டுபோகிற சின்ன எக்கோ மெசின் ஒன்று பையோடு அலுமாரிக்குள் இருந்தது. எடுத்தேன்.

“அதிலை கை வைச்சா நாளைக்கு வராதையும்,” என்றார் மனேச்சர்.

“சரி சேர்,” என்றேன்.

படியில் சுகந்தி நின்றார். “நீங்கள் போங்கோ. வெளியிலை நிக்கிற சனத்துக்கு மெசின் சூடாகிட்டுது, ஆறவேணும் எண்டு சொல்லுறன்.”

பையை நெஞ்சோடு கொளுவிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன். ரயில் கடவை மூடியிருந்தது. எஞ்சினை நிறுத்தாமல் வெயிலில் நின்றேன். பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரர், “அண்ணை, உறுமிறதாலை ரயில் கெதியாப் போகாது, நிப்பாட்டுங்கோ,” என்றார். நிறுத்தவில்லை.

அங்கே போய்ச் சேர்ந்தபோது பகல் ஒரு மணி. மயக்க டொக்டர் ஒரு பெண், பச்சை உடுப்போடு வெளியே வந்தார். சாப்பிடாத முகம்.

“நீங்கள் டொக்டரோ?”

“இல்லை. எக்கோ பிடிக்கிற ஆள். ஸ்ரெலா எண்ட பேசன்ற்றுக்குக் காலமை நான்தான் பிடிச்சது.”

“உங்கடை றிப்போட் பாத்தன். எல்லாம் நோர்மல்.”

“வலது பக்கம் நோர்மல் எண்டு கிடக்கிறதை நான் பாக்கேல்லை டொக்டர். அது கொம்பியூட்டரிலை முதலே இருக்கிறது. அழிக்காமல் விட்டிட்டன்.”

திட்டுவார் என்று நின்றேன். அவர் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை: “எனக்கும் அந்தத் துடிப்புப் பிடிக்கேல்லை. விரலிலை ஒட்சிசன் குறைவாக் காட்டுது. உங்கடை தாளைப் பாத்துத்தான் சரி எண்டு விட்டனான்.”

இதைக் கவனியுங்கள். பார்க்காமல் விட்டது ஒரு குற்றம். அதைவிடப் பெரியது, சரியாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஒருவரின் வாயை என் தாள் அடைத்துவிட்டது. நாங்கள் எழுதுகிற ‘நோர்மல்’ இன்னொருவரின் சந்தேகத்தை நிறுத்திவிடும். அதற்கு அவ்வளவு பலம் உண்டு.

“பத்து நிமிசம் தாறன்,” என்றார்.

ஸ்ரெலா அறுவைக்கு உடுப்பு மாற்றி, கழுத்துச் சங்கிலியையும் கழற்றி மச்சாளிடம் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் இருவரும் பயந்துபோனார்கள்.

“என்ன அண்ணை, பின்னாலை வந்திட்டியள்?”

“காலமை ஒழுங்காப் பாக்கேல்லை தங்கச்சி. இன்னொருக்காப் பாக்க வேணும். இடப்பக்கம் சரிஞ்சு படுங்கோ.”

மெசினைத் திறந்து ஜெல்லைப் பூசினேன். டொக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். நம்பினால் நம்புங்கள், என் கை தானாகவே பழைய இடத்துக்குத்தான் போனது. மேல் விளிம்பு. இடது திரையை நிரப்பியது. வலது பாதி. அவ்வளவு ஓடி வந்த பிறகும், ஓர் உயிர் தொங்குகிறபோதும், கை தனக்குப் பழகியதையே செய்தது.

கையை எடுத்தேன். “தங்கச்சி, இடது பக்க நெஞ்சை உங்கடை கையாலை நீங்களே மேலை தூக்கிப் பிடியுங்கோ. அதுக்குக் கீழை வைச்சுப் பாத்தால்தான் எனக்குத் தெரியும்.”

அவள் உடனே தூக்கிப் பிடித்தாள். “இதைக் காலமையே சொல்லியிருக்கலாமே அண்ணை. நாலு பிள்ளை பெத்தனான், எனக்கென்ன வெக்கம்? வெக்கம் உங்களுக்குத்தான்.”

“அவருக்கு வெக்கமெண்டாக் கண்ணை மூடிக்கொண்டு பாக்கச் சொல்லு,” என்றாள் மச்சாள் திரைச்சீலைக்கு அப்பாலிருந்து.

“காலமை அப்பிடித்தான் பாத்தவர்,” என்றார் டொக்டர்.

நுனிக்கு நேரே வைத்தேன். வலது கீழறை முழுதாக வந்தது. இடதைவிடப் பெரிதாக இருந்தது. அதன் வெளிச்சுவர் மதில் மாதிரி அசையாமல் நின்றது. நுனி மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. வலது வால்வின் வளையம் ஒவ்வொரு துடிப்புக்கும் நுனியை நோக்கி எழும்பி இறங்க வேண்டும். பதினேழு மில்லிமீற்றருக்குக் குறைந்தால் யோசிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அளந்தேன். ஒன்பது. வயிற்றில் வைத்து, நோகும் என்று தெரிந்தும் மெல்ல அமர்த்தி, பெருநாளத்தைப் பார்த்தேன். மூக்கை உறிஞ்சச் சொன்னேன். சுருங்க வேண்டிய நாளம் சுருங்காமல் தடித்துக் கிடந்தது.

டொக்டர் திரையைப் பார்த்தார். பிறகு போர்வையை விலக்கி இரண்டு காலையும் பார்த்தார். கட்டு அவிழ்த்த கால் மற்றதைவிடத் தடிப்பு.

“கட்டு அவிட்டாக் கொஞ்ச நாளைக்கு வீங்கும் எண்டு சொன்னவை,” என்றாள் மச்சாள். அவளின் குரல் இறங்கியிருந்தது.

“ஒப்பரேசன் இல்லை,” என்றார் டொக்டர் வெளியே திரும்பி. “அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ. பெரியாஸ்பத்திரிக்கு நான் கதைக்கிறன்.” என்னிடம் ஒரு வெள்ளைத் தாளைத் தந்தார். “கண்டதை எழுதுங்கோ. உங்கடை பேரைப் போட்டு உங்கடை கையெழுத்தை வையுங்கோ.”

அதுவரை நான் பிடித்த ஆயிரக்கணக்கான படங்களில் ஒன்றின் கீழும் என் பெயர் இருந்ததில்லை. கண்டதை எழுதினேன். கீழே, காலையில் கொடுத்த அறிக்கையில் வலது பக்கம் பார்க்கப்படவில்லை என்றும் எழுதினேன். எழுத்துக் கோணலாக இருந்தது. கையெழுத்து வைத்தேன்.

மெசினைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். மனேச்சர் சத்தம் போடவில்லை. சொன்னபடி நாளைக்கு வரவேண்டாம் என்றார். அவர் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அந்தப் படிவத்தை அடித்து வைத்தவரும் அவர் இல்லை. வேலை கெதியாக முடியட்டும் என்று அப்படி ஒரு படிவத்தைக் கேட்டு வாங்கியவன் நான்.

அதற்குப் பிறகு பதினொரு நாள், அவள் இருக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் இல்லை. வீட்டில் இருக்கவும் முடியவில்லை. காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்தால் கீரிமலை வரைக்கும் போவேன். கேணியில் குளிக்கிற சனத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன், குளிக்காமல் திரும்புவேன். பெரியாஸ்பத்திரி வாசலை மூன்று தடவை கடந்து போனேன், ஒரு தடவையும் நிறுத்தவில்லை. பன்னிரண்டாம் நாள் சுகந்தி தொலைபேசி எடுத்தார். “அண்ணை, அந்தப் பிள்ளை இருக்கிறா. விசாரிச்சனான்.” இரத்தம் போய்க்கொண்டிருக்கிற பெண்ணுக்கு இரத்தம் உறையாத மருந்தைக் கொடுப்பதா, கொடுக்காமல் விடுவதா என்று அங்கே டொக்டர்மார் பட்ட பாட்டை அவர் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, பக்கத்திலேயே நின்று பார்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கொஞ்ச நாளில் சுன்னாகத்தில் ஒரு சின்ன இடத்தில் வேலை கிடைத்தது. நான் திருந்திவிட்டேன் என்று நினைப்பீர்கள். இல்லை, மறுபக்கம் சாய்ந்தேன். எதைப் பார்த்தாலும் வலது பக்கம் பழுது என்று தோன்றியது. நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்திருந்த ஒரு புகையிலைத் தோட்டக்காரர் வந்தார். வளையம் பன்னிரண்டுதான் எழும்பியது. வலது பக்கம் பலவீனம் என்று எழுதிக் கொடுத்தேன். குடும்பம் அழுதுகொண்டு கொழும்புக்கு ஓடியது. அப்படி ஒரு சத்திரசிகிச்சைக்குப் பிறகு வளையம் குறைவாக எழும்புவது வழக்கம், அறை நன்றாகவே வேலை செய்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். பயந்த மனிதன் எண்ணைப் பிடித்துக்கொள்வான். எண் ஒரு கோட்டில் அளந்தது. ரொட்டியின் மிச்சப் பக்கத்தையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். தெரிந்ததைத் தெரிந்தது என்று எழுதுங்கள். தெரியாததைத் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு மை போதும், ஆனால் இரண்டாவதைத்தான் எழுதாமல் விடுவோம்.

மூன்று மாதம் கழித்து ஸ்ரெலா சுன்னாகத்துக்கு வந்தாள். பெரியாஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்த திகதி அடுத்த மாதம்தான். அதுவரை பொறுக்க முடியாமல் வந்திருந்தாள். முகத்தில் இரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. கூடவே மச்சாள்.

“உவரோ?” என்றாள் மச்சாள் கதவிலேயே. “இன்னும் உந்த வேலையை விடேல்லையோ?”

“சும்மா இரடி,” என்ற ஸ்ரெலா, நான் கேட்காமலே இடப்பக்கம் சரிந்து படுத்தாள்.

ஆறுதலாகப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் பார்த்தேன். சுவர் அசைந்தது. வளையம் பதினாலு எழும்பியது. அறையின் வீக்கம் வற்றியிருந்தது, ஆனால் முழுதாக வற்றவில்லை. இடைச்சுவரில் ஒரு தட்டை இன்னும் இருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகும் இப்படி நின்றால், நுரையீரல் குழாயில் பழைய இரத்தக்கட்டி ஒட்டிக்கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்ப்பது டொக்டர்மாரின் வேலை. நிற்கிறது என்று எழுதுவது என் வேலை.

எழுதத் தொடங்கினேன். அவள் எழும்பி இருந்தாள்.

“அண்ணை, நோர்மல் எண்டு போட்டுத் தாங்கோ. கொம்பனியிலை தாள் கேக்கினம். நோர்மல் எண்டு இருந்தால்தான் திரும்ப எடுப்பினமாம். மூண்டு மாசமா வீட்டிலை இருக்கிறன். அவருக்கும் கடல்தொழில் சரியில்லை.”

“முந்தியதைவிட எவ்வளவோ நல்லாயிருக்கு தங்கச்சி. அப்பிடி எழுதுறன்.”

“அப்பிடி எழுதினா எடுக்க மாட்டினம்.”

“நோர்மல் இல்லையே.”

அவள் என்னை நேரே பார்த்தாள். “அண்டைக்குப் பாக்காமலே நோர்மல் எண்டு எழுதினீங்கள். இண்டைக்குப் பாத்துப்போட்டு எழுத மாட்டன் எண்டுறியள்.”

“ஓம் தங்கச்சி,” என்றேன்.

அவள் மேசையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

“அப்ப எழுதினதை எனக்கு விளங்கிற மாதிரி வாசியுங்கோ.”

வாசித்தேன். வலது பக்கம் முந்தியதைவிடத் தேறியிருக்கிறது, இன்னும் முழுதாகத் தேறவில்லை, ஏன் என்று கெதியில் பார்க்க வேண்டும். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தேறுமோ?”

“தெரியாது,” என்றேன்.

தாளைப் பறித்த மாதிரி வாங்கினாள். போயிட்டு வாறன் என்று சொல்லாமல் போனாள். கொம்பனிக்குப் போகாமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போய், அந்தத் தாளைக் காட்டிச் சண்டை பிடித்து, அடுத்த மாதத் திகதியை அடுத்த நாளுக்கு மாற்றிக்கொண்டாள் என்று மச்சாள்தான் பிறகு தொலைபேசியில் சொன்னாள், என்னைத் திட்டி முடித்த பிறகு.